கடலுக்குக் கண் உண்டு

மரபு என்ற சொல்லை எடுத்தாளாத இலக்கியக் கூட்டம் நம் நாட்டில் அரிது. 1960களில் ஈழத்து எழுத்துலகில் மூண்ட மரபுப் போராட்டத்தின் சூடு தணிந்து நெடுங்காலமாயிற்று. எனினும் அன்று எழுந்த இரு கட்சிகளும் இன்றும் உயிரோடிருக்கின்றன. மரபைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டி வணங்க வேண்டும் என்பார் ஒரு சாரார். அதனைக் களைந்தெறிந்தாலன்றி முன்னேற்றமில்லை என்பார் மறுசாரார். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்த கருத்தினர் என்பதை நாம் கவனிப்பதில்லை. மரபென்பது கழிந்துபோன காலத்திற்குரிய பொருள் என்பதே அவ்வொத்த கருத்து. ஒருவர் அதனைப் புதையல் என்பர். மற்றவர் சுமை என்பர். இன்று வேலை செய்யக்கூடிய கருவியாக, இன்று தீர்ப்புக் கூறக்கூடிய சட்டமாக அதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

அவ்வாறு எண்ணியதோடமையாது செய்தும் காட்டிய சிறு மக்கட் கூட்டத்தார் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விரும்புகிறேன். அவர்கள் எம்மவரல்லர். பசிபிக் மாகடலின் வடகீழ்க் கரையில், கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில், தீவுகளும் கடற்கால்களும் பின்னிக்கிடக்கும் ஒரு பகுதியில் வாழும் ஹெயில்சுக் என்னும் தொல்குடியினர் அவர்கள். தரைவழியாக எவரும் சென்றடைய இயலாத பெல்லா பெல்லா என்னும் தீவுக் கிராமமே அவர்களுடைய தலைமையிடம். அங்கு வாழ்வோர் தொகை இரண்டாயிரத்திற்கும் குறைவு. நம் ஊர்களில் ஒரு பெரிய பாடசாலையின் மாணவர் தொகைக்கு அது ஈடாகலாம்.

அக்கரையில் அவர்களின் வாழ்வு எத்துணைப் பழமையானது என்பதற்குச் சான்றுண்டு. அவர்களுடைய ஆள்புலத்திலுள்ள திரிக்கெற் தீவில் நடந்த அகழ்வாய்வில் ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைமையான அடுப்புக்கரி கிடைத்தமை 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பனியூழிக் காலத்திலும் உறையாதிருந்த ஒரு கரைத்துண்டில் தம் முன்னோர் தங்கியிருந்தனர் என்று அம்மக்கள் வாய்மொழியாகக் கூறிவந்த செய்தியை அகழ்வாய்வு உறுதிசெய்தது. பாட்டியர் கூறிய கதையும் ஆய்வாளர் அகழ்ந்த கரியும் ஒரே சான்றாகிவிட்டன.

இத்தகைய மக்களின் கடந்த இரு நூற்றாண்டு வரலாறு துயரமானது. 1862ஆம் ஆண்டில் கரையோரமெங்கும் பரவிய அம்மை நோய் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. எஞ்சியோர் பற்பல கிராமங்களை விட்டு வந்து ஒன்றுசேர்ந்த இடமே இன்றைய பெல்லா பெல்லா. ஐந்து குழுக்கள் ஒரு மக்களாயினர். தம் உரிமைகளையும் பெயர்களையும் கடமைகளையும் சாட்சிகளின் முன்னிலையில் உறுதிசெய்யும் ‘பொற்லாச்’ என்னும் பெருவிருந்துச் சடங்கைக் கனடிய அரசு 1885ஆம் ஆண்டு முதல் 1951ஆம் ஆண்டு வரை சட்டத்தாற் தடைசெய்திருந்தது. அச்சடங்கு வெறும் களியாட்டமன்று. எழுத்தில்லாத சமுதாயத்தின் காணிப் பதிவேடும் நீதிமன்றமும் அதுவே. எந்த விரிகுடாவை எந்தக் குடும்பம் பேண வேண்டும், எந்த ஆற்றில் யார் எப்போது மீன் பிடிக்கலாம் என்பனவெல்லாம் அங்கேதான் பேசி முடிக்கப்பட்டன. சடங்கைத் தடுத்தவர்கள் கடலின் நிருவாகத்தையே தடுத்தார்கள். இதனை அன்று அவர்கள் உணர்ந்தே செய்தனரோ அல்லரோ, விளைவு ஒன்றுதான்.

இப்பின்னணியில் 1999ஆம் ஆண்டில் அவ்வூரில் ஓர் இலாபநோக்கற்ற அமைப்புத் தோன்றியது. அதன் பெயர் ‘கக்ஸ்’. ஹெயில்சுக் மொழியில் அதற்குக் ‘கண்கள்’ என்பது பொருள். தம் நிலத்துக்கும் நீருக்கும் தாமே பொறுப்பாளர் என்பதை இளைஞர் கண்திறந்து காணவேண்டும் என்னும் நோக்கினால் அப்பெயர் இடப்பட்டது. கடல் வளத்தைக் காக்க முற்பட்டோர் மீனை எண்ணுவதிலிருந்தோ படகு வாங்குவதிலிருந்தோ தொடங்கவில்லை, பிள்ளைகளிலிருந்து தொடங்கினார்கள். ஆசிரியர்களாகிய நம்மனோர் இதனை ஊன்றி நோக்குதல் தகும்.

பெல்லா பெல்லாவுக்குத் தெற்கே குவேய் என்றோர் ஆறு கடலோடு கலக்கின்றது. அதன் முகத்தில் கக்ஸ் அமைப்பினர் கோடைகாலந்தோறும் இளைஞர் முகாம் நடத்திவருகின்றனர். அங்கே பிள்ளைகள் தம் மொழியின் சொற்களையும் ஆட்டங்களையும் பாடல்களையும் பயில்கின்றனர்; அதே வேளையில் அவ்வாற்றின் மீனையும் கரடியையும் மரத்தையும் அறிகின்றனர். மொழிப்பாடம் ஒரு புறம், விஞ்ஞானப் பாடம் மறுபுறம் என்ற பிரிவினை அங்கில்லை. ஒரு மீனின் பெயரை அறியாத பிள்ளை அம்மீன் அழிவதையும் அறியாது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருக்கின்றனர்.

இதனை உணர்ச்சிவயப்பட்ட பழம்பெருமை என்று தள்ளிவிட எவரேனும் முற்படுவாராயின், அதே ஆற்றில் நடந்த இரண்டு ஆய்வுகளை அவர்க்கு எடுத்துக்காட்டுவேன். ஒன்று, கரடிகளைப் பற்றியது. குவேய் ஆற்றுக்குச் சல்மன் மீன் தின்ன வரும் பெருங்கரடிகளைப் பிடித்துத் துன்புறுத்தாது, கம்பியிற் சிக்கும் உரோமத்தை மட்டும் எடுத்து, அதன் மரபணுவைக் கொண்டு ஒவ்வொரு கரடியையும் தனித்தனி இனங்கண்டனர். ஹெயில்சுக் மக்களைச் சேர்ந்த வில்லியம் ஹௌஸ்ரி முதன்மை ஆசிரியராக இருந்து எழுதிய அவ்வாய்வு 2014ஆம் ஆண்டில் ஓர் அறிவியற் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன் சிறப்பு மரபணு முறையில் இல்லை. அம்முறையைப் பலரும் கையாள்கின்றனர். எதனை ஆராய்வது, எப்படி ஆராய்வது, விலங்கை எவ்வாறு நடத்துவது என்னும் வினாக்களுக்குத் தம் மூதாதையரின் ‘குவியிலாஸ்’ என்னும் வழக்குச் சட்டத்திலிருந்தே விடை தேடினார்கள் என்பதே அதன் சிறப்பு.

இரண்டாவது, மீனணை பற்றியது. ஆற்றின் குறுக்கே மரத்தட்டிகளை நிறுத்தி மீனை மறித்துப் பிடிக்கும் பழைய முறையொன்று அவர்களிடம் இருந்தது. நம் களப்புகளிற் பட்டி கட்டி மீன் பிடிப்பவர்களுக்கு அம்முறை விளங்காத ஒன்றன்று. அரசின் கட்டுப்பாடுகளினால் வழக்கொழிந்துபோன அவ்வணையை 2013ஆம் ஆண்டில் குவேய் ஆற்றில் மீண்டும் கட்டினார்கள். உணவுக்காக மாத்திரமன்று, ஏறிவரும் சல்மன் மீன்களை எண்ணி, அடையாளமிட்டு, விடுவிப்பதற்காகவும் கட்டினார்கள். அரச திணைக்களம் கணக்கெடாது விட்ட ஓராற்றின் மீன்தொகை பாட்டனின் அணையினால் அறியப்பட்டது. மரபைப் பேழையில் வைப்பவரும் களைந்தெறிபவரும் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்பாராக.

கக்ஸ் அமைப்பை நெடுங்காலம் முன்னின்று நடத்திய ஜெஸ் ஹௌஸ்ரி ஒரு கவிஞர். அவருடைய கவிதைத் தொகுதி 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வமைப்பு அவ்வூரில் ஒரு நூலகத்தையும் நடத்தியது. 2013ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீயில் ஊரின் ஒரேயொரு பலசரக்குக் கடையோடு அந்நூலகமும் எரிந்து சாம்பரானது. நூலகம் எரியும்போது ஒரு மக்கள் எதனை இழக்கின்றனர் என்பதை 1981ஆம் ஆண்டைக் கண்ட நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கடலைக் காக்கும் சங்கத்திற்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்க்கு ஒரு விடை கூறலாம். கடல் பற்றிய முடிவுகள் கடலில் எடுக்கப்படுவனவல்ல, கடதாசியில் எடுக்கப்படுவன. கடதாசியை வாசிக்கவும் மறுக்கவும் தெரிந்தவரே கடலைக் காக்கவல்லார்.

இனி, இவ்விடயத்தின் உயிர்நாடியாகிய ஹெரிங் மீனுக்கு வருவோம். நம் சூடை, சாளை ஆகியவற்றின் உறவினமான இச்சிறு வெள்ளி மீன், ஒவ்வோராண்டும் இளவேனிற் தொடக்கத்தில், பங்குனி சித்திரை மாதங்களில், முட்டையிடக் கரைநாடி வரும். ஆண் மீன்களின் விந்து கலந்து விரிகுடாக்கள் பால்நிறமடையும். ஒரு பெண் மீன் ஏறத்தாழ இருபதினாயிரம் முட்டைகளை நீரடிச் செடிகளிலும் நெடிய கெல்ப் பாசிகளிலும் ஒட்டவைக்கும். சல்மன், திமிங்கிலம், கடற்சிங்கம், கடற்பறவை, ஓநாய், கரடி யாவும் அவ்விருந்துக்கு வந்து சேரும். அக்கரையின் உணவுச் சங்கிலி முழுவதும் இச்சிறு மீனின் முதுகில் ஏறி நிற்கின்றது எனின் அது மிகையன்று.

ஹெயில்சுக் மக்கள் இம்முட்டையை உண்ணும் முறை கவனிக்கத்தக்கது. ஹெம்லொக் மரக்கிளைகளையோ கெல்ப் பாசியின் இலைகளையோ நீரிற் தொங்கவிடுவர். மீன் வந்து அவற்றில் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். முட்டை படிந்த கிளையை மக்கள் எடுத்துக்கொள்வர். தாய் மீன் சாவதில்லை. மறு ஆண்டும் வரும். அதற்கு மறு ஆண்டும் வரலாம். வணிகப் பெருந்தொழில் கையாண்ட முறையோ வேறு. முதலில் மீனை அள்ளி எண்ணெயாகவும் தீவனமாகவும் உருக்கினர். அத்தொழில் 1960களின் பிற்பகுதியில் மீன்வளம் சரிந்ததனால் நிறுத்தப்பட்டது. பின்னர் 1970களின் தொடக்கத்தில், யப்பானியச் சந்தைக்கு முட்டைப்பை எடுக்கும் தொழில் எழுந்தது. முட்டையிடுவதற்குச் சற்று முன்னர் மீனை வலையில் வளைத்துக் கொன்று, வயிற்றிலுள்ள முட்டைப்பையை மட்டும் விலைக்கு விற்கும் தொழில் அது.

ஒரே முட்டையை உண்ணும் இரண்டு வழிகள் இவை. ஒன்று தாயை விட்டுவைக்கின்றது. மற்றது தாயைக் கொன்று முட்டையை எடுக்கின்றது. எது நாகரிகம், எது பழமைவாதம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். பொருளியற் கணக்கிற்கூட முதலாவது வழியே நெடுநாள் நிலைக்கும் முதலீடு என்பது எளிதிற் புலப்படும். எனினும் அனுமதிப்பத்திரமும் ஆதரவும் பெருமளவில் இரண்டாவது வழிக்கே கிடைத்தன.

அதுமட்டுமன்று. தாமே தம் முறையில் எடுத்த முட்டையை விற்றமைக்காக அம்மக்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறவும் நேர்ந்தது. கிளாட்ஸ்ரன் என்னும் குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர், பாசியில் படிந்த முட்டையை வன்கூவர் நகரில் விற்க முயன்றதற்காக 1988ஆம் ஆண்டில் குற்றஞ்சாட்டப்பட்டனர். வழக்குக் கனடாவின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே ஹெயில்சுக் மக்கள் அம்முட்டையை வணிகமாகப் பரிமாறிவந்தனர் என்பதை ஏற்று, அவ்வுரிமை அவர்களுக்கு உண்டு என்று 1996ஆம் ஆண்டில் அம்மன்று தீர்ப்பளித்தது. தொல்குடி மக்களின் உரிமை வயிற்றுக்குரியதே, சந்தைக்குரியதன்று என்ற எண்ணத்திற்கு அத்தீர்ப்பு ஓர் அடி கொடுத்தது. ஆயினும் அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும், மீன்வளப் பாதுகாப்பு முதலிய காரணங்களால் அரசு அதனை மட்டுப்படுத்தலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. நியாயமான கூற்றே. ஆனால் பாதுகாப்பின் பெயரால் மட்டுப்படுத்துவோர் பாதுகாக்கத் தவறினால் யாது செய்வது?

அவ்வினா 2015ஆம் ஆண்டு பங்குனியில் எழுந்தது. ஹெரிங் மீன் போதிய அளவு மீளவில்லை, எனவே வணிக வலைஞர்க்குக் கடலைத் திறக்கலாகாது என்று ஹெயில்சுக் மக்கள் கூறினர், திணைக்களம் திறந்தது. அப்போது அவர்கள் அயற்தீவிலிருந்த மீன்பிடித் திணைக்கள அலுவலகத்துக்குட் சென்று அமர்ந்தனர். முதியோரும் இளைஞரும் பாடினர், உண்டனர், அங்கேயே உறங்கினர். தலைமை உறுப்பினர் மரிலின் சிலெற் உள்ளிருந்தே பேச்சுவார்த்தை நடத்தினார். சில நாட்களில் எஞ்சிய வணிகப் பிடிப்புக் கைவிடப்பட்டது. மறு ஆண்டு இரு தரப்பாரும் கூடி ஹெரிங் முகாமைத் திட்டம் வகுத்தனர்.

இச்சச்சரவின் அடியில் ஓர் அறிவுப் பிரச்சினை இருந்தது. அதுவே என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. திணைக்களத்தின் ஹெரிங் கணக்கு 1951ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றது. அதற்கு முந்திய காலத்துக்கு முறையான எண்கள் இல்லையாதலின், அவ்வாண்டையே இயல்பு நிலையின் தொடக்கமாகக் கொள்ளும் பழக்கம் ஏற்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே பெருந்தொழில் மீனை அள்ளத் தொடங்கிவிட்டது. இன்று அறவே வெறுமையாய்க் கிடக்கும் விரிகுடாக்களில் முன்னர் மீன் வந்து முட்டையிட்டதை முதியோர் நினைவு கூறுகின்றனர். குறைந்துபோன நிலையை நிறைவென்று கொண்டு அளந்தால், மேலும் குறைவது சிறு குறைவாகவே தோன்றும். விஞ்ஞானம் இங்கு பொய் கூறவில்லை. அதன் நினைவு குறுகியது, அவ்வளவே. முதியோரின் நினைவு அதனினும் நீண்டது. நீண்ட நினைவையும் நுண்ணிய அளவையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருதலே அறிவுடைமை.

மீன் ஒரு பக்கமிருக்க, எண்ணெயும் வந்தது. அல்பேட்டா மாகாணத்து எண்ணெயைக் குழாய்வழி கரைக்குக் கொணர்ந்து பெருங்கப்பல்களில் ஏற்றும் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் திட்டத்தை விசாரிக்கும் குழு, 2012ஆம் ஆண்டு சித்திரையிற் பெல்லா பெல்லாவுக்கு வந்தது. சிறுவரும் பெரியோரும் வீதியோரம் நின்று எதிர்ப்புப் பதாகைகளோடு அவர்களை எதிர்கொண்டனர். பாடசாலை மாணவர் சிலர் உண்ணாநோன்பிருந்தனர். பாதுகாப்புக் குறித்து ஐயுற்ற குழு முதல்நாள் விசாரணையையே நிறுத்திவைத்தது. பதாகை ஏந்திய பள்ளிச் சிறுவரைக் கண்டு அஞ்சிய அரச குழுவை என்னென்பது! அத்திட்டத்துக்கு 2014இல் கிடைத்த அங்கீகாரம் தொல்குடி மக்களோடு முறையாகக் கலந்தாலோசியாமையால் 2016இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பெரும் எண்ணெய்க் கப்பல்கள் அக்கரைத் துறைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2019இல் நிறைவேறியது.

அச்சம் வீணானதன்று என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் நாள் நள்ளிரவு கழிந்தவேளை, வெறுமையான எண்ணெய்த் தெப்பத்தைத் தள்ளிச்சென்ற நேதன் ஈ. ஸ்ரூவேட் என்னும் இழுவைக் கப்பல் அவர்களுடைய கடலிற் பாறையில் மோதி மூழ்கியது. காவற்பணியில் தனித்திருந்த மாலுமி உறங்கிவிட்டமையே காரணம் என்று விசாரணையிற் தெரியவந்தது. ஏறத்தாழ 110,000 லீற்றர் டீசலும் பிற எண்ணெயும் கடலிற் கலந்தன. அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக மட்டி பொறுக்கிய கரை பயன்படாதாயிற்று. முதலில் விரைந்து சென்றவர்களுள் ஹெயில்சுக் படகோட்டிகளும் இருந்தனர். உரிய மீட்புக் கருவிகளோ உரிய வேளையில் வந்து சேரவில்லை. ரெக்சாஸைச் சேர்ந்த கப்பல் நிறுவனத்துக்கு 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம் 29 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

அதற்கு முன்னரே அம்மக்கள் வேறொன்று செய்தனர். தம் சொந்தச் சட்டமாகிய குவியிலாஸின்படி அவ்விபத்தை விசாரித்து, 2018ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பறிக்கையை வெளியிட்டனர். அத்தீர்ப்பை நிறைவேற்ற அவர்களிடம் சிறைச்சாலையில்லை, சேவகர் இல்லை. ஆனால் ஒரு குற்றத்தைக் குற்றமென்று தம் மொழியில், தம் நெறியில் நின்று கூறும் அதிகாரத்தை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பொற்லாச் தடைசெய்யப்பட்ட காலத்தில் வாயடைக்கப்பட்ட நீதிமன்றம் மீண்டும் வாய்திறந்தது என்பேன். 2019ஆம் ஆண்டில், 120 ஆண்டுகளுக்குப் பின்னர், தம் பெருமனையொன்றையும் எழுப்பிக்கொண்டனர். இத்தொடர்ச்சியைக் காணாது கடற்பாதுகாப்பை மட்டும் தனியே பிரித்துப் பேசுதல் வேரை விட்டுக் கிளையைப் பேசுதலாகும்.

இனி, மறுத்துரைக்கப்படக் கூடியவற்றையும் நேர்மையோடு ஆராய வேண்டும்.

கடல் யாவர்க்கும் பொது. ஒரு குடியினர் அதன்மேல் அதிகாரம் கொள்வது நீதியாகுமா என்று கேட்கலாம். வணிக வலைஞர்களும் உழைப்பாளிகளே. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. கடல் மூடப்படும்போது அவர்கள் படகுக் கடனை யார் கட்டுவது? இக்கேள்வி எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஆனால் பொது என்ற சொல்லின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். அக்கடல் பொதுவாக்கப்பட்டபோது அதன் பழைய காவலரின் வாய் கட்டப்பட்டிருந்தது. பொதுச்சொத்தாக்கியவர்கள் அதனை வெறுமையாக்கினர். மீன் தீர்ந்ததும் வணிக வலைஞர் வேறு கடலுக்கோ வேறு தொழிலுக்கோ செல்ல முடியும். ஹெயில்சுக் மக்களுக்குச் செல்ல வேறிடம் இல்லை. நட்டம் யாருடைய வாசலில் இறுதியாகத் தங்குகின்றதோ அவர்க்கு முடிவெடுப்பதில் முதலிடம் வேண்டும் என்பது என் துணிபு. அதற்காக அயலவர் வயிற்றை மறக்கலாகாது. இழப்பீடின்றிக் கடலை மூடும் அரசே அங்கு குற்றவாளி.

தொல்குடி மக்கள் இயற்கையின் குழந்தைகள், அவர்கள் ஒருபோதும் தவறார் என்று புகழ்பாடுவோர் வேறொரு புறத்தே உளர். இப்புகழ்ச்சியும் எனக்கு உடன்பாடன்று. அது அவர்களை மனிதராக மதிப்பதன்று. படமாக மாட்டி வைப்பது. ஹெயில்சுக் மக்களும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், இயந்திரப் படகு செலுத்துகிறார்கள், தம்முட் சச்சரவும் செய்கிறார்கள். அவர்கள் காவலரானது குருதியினால் அன்று, கற்றதனாலும் கற்பித்ததனாலும். கக்ஸ் முகாமின் தேவையே அதற்குச் சான்று. பிறப்பினால் தானே வந்துவிடும் அறிவாயின் முகாம் எதற்கு?

பணம் பற்றிய ஐயமும் உண்டு. இத்தகைய அமைப்புகள் அறநிலையங்களின் நன்கொடையையும் அரசின் மானியத்தையும் சார்ந்தவை. கொடுப்பவர் குரல் மெல்ல மெல்ல உள்நுழைதல் இயல்பு. 2024ஆம் ஆண்டு ஆனியில், அக்கரையின் தொல்குடிகளும் கனடிய அரசும் மாகாண அரசும் அறநிலையங்களும் சேர்ந்து, ‘பெருங்கரடிக் கடல்’ என்று பெயரிடப்பட்ட அப்பரப்பின் பாதுகாப்புக்கென 335 மில்லியன் டொலர் திட்டமொன்றை அறிவித்தனர். பெருந்தொகைதான். பெரும்பணம் ஊருக்குட் புகும்போது கணக்குப்பிள்ளைகள் பெருகி மூப்பர் சொல் தேய்ந்துவிடும் அபாயம் எங்கும் உண்டு. அதற்கு அரண் ஒன்றே. செய்பவர் அவ்வூரிலேயே வாழ்பவராயிருத்தல் வேண்டும்; தவறு செய்தால் மறுநாட் காலை கடைவீதியில் ஊராரின் முகத்தில் விழிக்க வேண்டியவராயிருத்தல் வேண்டும். கக்ஸ் இதுவரை அத்தகையதாகவே இருந்து வந்திருக்கின்றது.

அவர்களுடைய அயலவரான கிற்றாசு ஹெய்ஹெய்ஸ் மக்கள் 2022ஆம் ஆண்டு ஆனியில் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஹெரிங் முட்டையிடும் தம் விரிகுடாவில் 33.5 சதுர கிலோமீற்றர் பரப்பைத் தம் சட்டத்தின்படியே காப்பிடமாக அறிவித்தனர். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. வந்து சேருங்கள் என்று அரசுகளை அழைத்தனர். விண்ணப்பதாரர் நிலையிலிருந்து விருந்தோம்புவோர் நிலைக்கு ஏறிய அத்துணிவை நான் பாராட்டுகிறேன்.

இவற்றையெல்லாம் ஈழத்துத் தமிழ் வாசகர் அறிந்து ஆவதென்ன? அவர்கள் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு; அவர்கள் சட்டம் நமக்குப் பொருந்தாது. பார்த்து எழுதும் பாடமன்று இது. ஆயினும் நம் நாட்டின் கிழக்குக் கரையிலே, வாகரைப் பக்கத்திலும் மூதூர்ப் பக்கத்திலும், தம்மை வேடர் வழியினர் என்று கூறிக்கொள்ளும் மக்கள் இருக்கின்றனர். அவர்கள் பேசுவது நம் தமிழ். கடலும் களப்பும் காடும் அவர்களுக்கு வாழ்வு. வேடரென்றதும் மகியங்கனைக் காட்டையே நினைக்கும் நம்முள் எத்தனை பேர் அக்கரையோர வேடரைப் பற்றி அறிவோம்? அவர்களுடைய கடலறிவை நம் பல்கலைக்கழகங்களும் பாடநூல்களும் எவ்வளவு கேட்டிருக்கின்றன? நெய்தற்றிணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கரையில் வாழ்வோர்க்கு இரங்கல் மட்டுமே உரியதென்று நாமும் எண்ணிவிட்டோமோ என்று சிலவேளை ஐயுறுகிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்னும் காற்றுகளின் பெயர்களை நம் பிள்ளைகள் சொற்பொருள் எழுதக் கற்றிருக்கலாம். அக்காற்றுகளில் எது வீசும்போது எந்த மீன் கரைநாடும், எது வீசும்போது வலை போடலாகாது என்பதை அறிந்த முதியோர் ஒவ்வொரு கரையூரிலும் இன்னும் இருக்கின்றனர், நெடுநாள் இரார். அடுத்த தவணையில் ஒரு வகுப்பு மாணவரை ஒரு கொப்பியோடு அவர்களிடம் அனுப்புங்கள். கேட்டதைக் கேட்டபடியே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். கடலைக் காக்கும் பணியை ஹெயில்சுக் மக்களும் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றே தொடங்கினார்கள். அதற்கு முந்நூறு மில்லியன் டொலர் வேண்டியிருக்கவில்லை.